தோட்டத்து ரயிலின் சோலார் விளக்கு எரியவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் பகலில் இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள், இருட்டிவிட்டால் விளக்கைப் பற்றிக் கேட்பார்கள். ஸ்டேஷன், வீடு, நடைமேடைக் கம்பம், சிக்னல் எல்லாம் சோலாரில் எரிந்தால் அழகுதான். ஆனால் மழை, வெயில், எறும்பு மூன்றுக்கும் நடுவே இருக்கும் சாமான் என்பதால் அடிக்கடி மக்கர் செய்யும். நாங்கள் வைத்திருப்பது நீலகிரி மலை ரயிலின் மாதிரி. நிஜப் பாதை மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி என்பதால் 45 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் 1:22.5 அளவு (நிஜத்தை 22.5 மடங்கு சுருக்கியது) கச்சிதமாகப் பொருந்துகிறது. எந்த ரயிலின் மாதிரி ஆனாலும் விளக்குக் கோளாறுகள் ஒன்றேதான்.

கீழே முதலில் வருவது சின்ன செட்டுக்கானது. 2 வோல்ட் பேனல், 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் ஒன்று, நாலு கால் உள்ள குட்டி சிப், ரெசிஸ்டர் போலவே இருக்கும் ஒரு காயில், எல்.இ.டி. கடையில் விற்கும் தோட்டத்து சோலார் விளக்கைப் பிரித்தால் இதுதான் உள்ளே இருக்கும். பெரும்பாலோர் அதைத்தான் பிரித்து மாதிரி வீடுகளுக்குள் வைக்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரி வைத்து மொத்த ஊருக்கும் கொடுப்பவர்களுக்கு இறுதியில் தனிப் பகுதி இருக்கிறது.

ஒரு மல்டிமீட்டர், சார்ஜ் ஏறிய நல்ல செல் ஒன்று, பழைய பல் துலக்கும் பிரஷ், நைஸ் உப்புத்தாள், கொஞ்சம் வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பித்தால் நல்ல பேனலையும் நல்ல செல்லையும் மாற்றிக் காசைத்தான் கரைப்பீர்கள்.

## இருட்டியும் எரியவே இல்லை

பகலிலேயே சோதித்துவிடலாம். பேனலைத் தடித்த துணியால் முழுக்க மூடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள். சின்ன செட்டில் விளக்கு உடனே எரிய வேண்டும்.

மூடினால் எரிகிறது, ராத்திரி எரியவில்லை. விளக்கில் கோளாறே இல்லை. வேறு வெளிச்சம் எதுவோ பேனல் மேல் விழுகிறது. பேனல்தான் இந்த செட்டுக்குக் கண், இருட்டைக் கண்டுபிடிப்பதும் அதுவே. தெருவிளக்கு, போர்டிகோ விளக்கு, பக்கத்து வீட்டு மாடி விளக்கு இவற்றில் எது என்று பாருங்கள். பேனலைத் திருப்பி வைத்தாலோ, ஓரத்தில் ஒரு சின்ன மறைப்பு வைத்தாலோ போதும். பகல் வெயிலை மறைக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

மூடினாலும் எரியவில்லை. இந்த வரிசையில் போங்கள்.

ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? பல விளக்குகளில் அது பேனல் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். புதிதாக வாங்கியது என்றால் செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாடா இருக்கும், அதை உருவிவிட வேண்டும்.

அடுத்து, செல்லைக் கழற்றிவிட்டு சார்ஜ் ஏறிய நல்ல செல்லைப் போடுங்கள். எரிந்தால் கோளாறு செல்லிலோ சார்ஜிலோ இருக்கிறது. ‘சீக்கிரம் அணைகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள். இந்தச் சோதனைக்குக்கூட ரிமோட்டில் போடும் சாதாரண பென்சில் செல்லை மாட்டி விட்டுவிடாதீர்கள். அது ரீசார்ஜ் செய்வதற்கான செல் அல்ல. பகல் முழுக்க பேனல் அதற்குள் மின்சாரத்தைத் திணித்தால் ஒழுகிப் பெட்டியையே நாசம் செய்துவிடும்.

நல்ல செல்லுக்கும் எரியவில்லையா? ஸ்பிரிங்கையும் எதிர்முனைத் தகட்டையும் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ இருந்தால் பாதி நேரம் காரணம் அதுதான். செல் ஒழுகிய வெள்ளைப் பூப்பு காரத்தன்மை உள்ளது. வினிகரைத் தொட்ட பிரஷால் தேயுங்கள், பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். துருவை உப்புத்தாளால் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் லேசாக வாசலின் தடவுங்கள். தகட்டின் பின்பக்கம் வயர் பற்றவைத்த இடத்தை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். மேலே பார்க்கச் சரியாக இருக்கும், உள்ளே விட்டிருக்கும்.

பிறகு எல்.இ.டி. மல்டிமீட்டரில் டயோடு குறியில் வைத்துத் தொட்டால் நல்ல எல்.இ.டி. மங்கலாக மின்னும். மின்னவில்லை என்றால் முனைகளை மாற்றித் தொடுங்கள். அப்படியும் இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்றும்போது 3 மில்லிமீட்டர் வார்ம் ஒயிட் வாங்குவது நல்லது. 1:22.5 அளவில் அது கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர், அதாவது வீட்டில் நாம் போட்ட பழைய குண்டு பல்பின் அளவு. நீலம் பாய்ந்த கூல் ஒயிட் போட்டால் மலை ஸ்டேஷன் பெட்ரோல் பங்க் போல ஆகிவிடும்.

எல்லாம் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் மிஞ்சுவது சிப்பும் காயிலும். தண்ணீர் இறங்கிய போர்டில் காயிலின் மெல்லிய கால் அரித்துப்போயிருக்கும். காயிலின் இரு முனையிலும் தொடர்ச்சி பார்க்கும் குறியில் மீட்டரை வையுங்கள். பீப் வராவிட்டால் காயில் போய்விட்டது. பீப் வந்தால் சிப்தான். பற்றவைக்கத் தெரிந்தால் மாற்றலாம், தெரியாவிட்டால் முழு போர்டையே மாற்றுவது மலிவு.

## எரிகிறது, ஆனால் சீக்கிரம் அணைகிறது

அதிகம் வருவது இந்தக் கோளாறுதான். தேவையில்லாமல் காசு செலவாவதும் இதில்தான். ஒரே ஒரு அளவு பாதி விடையைச் சொல்லிவிடும். நல்ல வெயில் அடித்த நாளில், சூரியன் மறையும் நேரத்தில், விளக்கு எரியத் தொடங்கும் முன் செல்லின் வோல்டேஜைப் பாருங்கள்.

1.3 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டுகிறது. செல் நிறைந்துவிட்டது, ஆனால் தாங்கவில்லை. செல்லுக்கு வயசாகியிருக்கலாம். உறுதி செய்ய, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கான சுவர் சார்ஜரில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஓரிரு மணி நேரத்தில் அணைந்தால் புது செல் வாங்குங்கள். சார்ஜரில் ஏற்றியபோது விடியும் வரை எரிந்தால் செல் நன்றாக இருக்கிறது, அப்படியே அடுத்த கிளைக்குப் போங்கள்.

1.2 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. பகலில் சார்ஜ் ஏறவே இல்லை. பேனல் பக்கம் போகவேண்டும்.

முதல் வேலை துடைப்பது. ஆடிக் காற்றில் படியும் புழுதி, தென்னை மட்டையிலிருந்து விழும் தூள், பறவை எச்சம் எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மாதிரி ரயில்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லித்தூள், மழைத்துளி தெறிக்கும்போது எகிறிப் பேனலில் ஒட்டிக்கொள்ளும். பேனலைத் தரையில் பதிக்காமல் ஒரு சாண் உயரத்தில் வைத்தால் அது குறையும்.

அடுத்து நிழல். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தவை. ஒரு ஓரத்தில் இலை நிழல் விழுந்தாலே மொத்த மின்சாரமும் சரிந்துவிடும். ‘மே மாதம் நன்றாக எரிந்தது, இப்போது எரியவில்லை’ என்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஜூன் மாதம் நம் ஊரில் நண்பகல் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே போகும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாயும், தெற்குச் சுவரின் நிழல் நீளும். மே மாதம் வெயிலில் இருந்த ஸ்டேஷன் கூரை மார்கழியில் முழு நிழலில் கிடக்கும். பேனலைக் கட்டடத்தின் கூரையிலேயே ஒட்டிவைத்திருந்தால் நகர்த்த வழியில்லை. அதனால்தான் பேனலைத் தனியாக, வயர் இழுத்து, வெயில் விழும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன். தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு நமக்குப் போதும். அந்தச் சாய்வில் மழைத்தண்ணீரும் வழிந்துவிடும்.

துடைத்தாயிற்று, நிழலும் இல்லை. இப்போது அளந்து பாருங்கள். பேனல் வயரைப் போர்டிலிருந்து பிரித்து, நல்ல வெயிலில் மீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்து நேரடியாகப் பேனலின் இரு முனையிலும் தொடுங்கள். இந்தக் குட்டிப் பேனலை இப்படி ஷார்ட் செய்வதால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே நிலையில் மீட்டரைச் செல்லின் மேல் வைத்துவிடாதீர்கள், பியூஸ் போய்விடும். வோல்டேஜை மட்டும் பார்த்து ‘2 வோல்ட் வருகிறதே, பேனல் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்பவர்கள் அதிகம். சுமை இல்லாதபோது அழுக்குப் பேனலும் 2 வோல்ட் காட்டும். மின்சாரம்தான் உண்மையைச் சொல்லும். 60 மில்லியாம்பியர் என்று போட்ட பேனல் நண்பகல் வெயிலில் அதற்குப் பக்கத்தில் வரவேண்டும். பாதிகூட வராவிட்டால் பேனலின் முகத்தைப் பாருங்கள்.

முகம் பால் படிந்தாற்போல் வெளுத்திருக்கிறதா? மேலே பூசிய ரெசின் வெயிலில் கெட்டுப்போயிருக்கிறது. தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கீழே உள்ள செல்லின் கறுப்பு தெளிவாகத் தெரிந்தால் காப்பாற்றிவிடலாம். 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்து, காய்ந்ததும் நிறமில்லாத வார்னிஷை ஸ்பிரே செய்யுங்கள். ஈரத்திலும் மஞ்சளாகவே தெரிந்தால் புதுப் பேனல்தான். வாங்கும்போது கண்ணாடி மூடியதாக வாங்குங்கள்.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘சீக்கிரம் அணைகிறது’ என்றதும் 600 மில்லியாம்பியர்-மணி செல்லை எடுத்துவிட்டு 2000 போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 50 மில்லியாம்பியர் பேனல் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் கொடுத்தால் 250 மில்லியாம்பியர்-மணி. ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். பெரிய செல் போட்டாலும் தினமும் அதற்குள் போவது அதே 250தான், வருவதும் அதற்குள்தான். பெரிய செல்லால் ஒரே நன்மை, தொடர்ந்து நல்ல வெயில் அடித்த நாட்களில் மிச்சமாவதை மேகம் போட்ட நாளுக்குச் சேர்த்து வைக்கும். விளக்கு தினமும் சீக்கிரம் அணைந்தால் மிச்சமே இல்லை என்று அர்த்தம். மாற்ற வேண்டியது பேனலை. அல்லது காயிலை. காயிலின் அளவைச் சொல்லும் மைக்ரோஹென்றி எண் கூடினால் எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரம் குறையும், வெளிச்சம் கொஞ்சம் தணியும், நேரம் நீளும். மாதிரி வீட்டுக்குள் இருக்கும் விளக்குக்கு அந்தத் தணிந்த வெளிச்சமே பொருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் வெயில் இல்லாமல் விளக்கு எரியாவிட்டால் அது கோளாறு இல்லை. ஸ்விட்சை அணைத்து வையுங்கள், வெயில் வந்ததும் முழுப் பகல் ஒன்றிரண்டு சார்ஜ் ஏறவிட்டு ஆன் செய்யுங்கள். காலியான செல் காலியாகவே கிடந்தால் அதன் ஆயுள்தான் குறையும்.

## மங்கலாக எரிகிறது

விடியும் வரை எரிகிறது, ஆனால் மங்கல் என்றால் பெரும்பாலும் ஒரே செட்டில் நிறைய எல்.இ.டி. சேர்த்திருப்பீர்கள். சின்ன செட்டில் செல்லிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதைக் காயிலும் சிப்பும் தீர்மானிக்கின்றன. எல்.இ.டி. கூடக்கூட அதே மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று எல்.இ.டி.க்கு மேல் வேண்டாம். தெரு முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் தெருவுக்கு இரண்டு செட்டாகப் பிரியுங்கள்.

எல்.இ.டி. கூட்டவில்லை, ஆனாலும் மங்கிவிட்டது என்றால் செல்லுக்கும் சிப்புக்கும் நடுவில் உள்ள வயரைப் பாருங்கள். 1.2 வோல்ட்டில் ஓடும் சாமான் இது. மெல்லிய நீள வயரும் முறுக்கி மட்டும் விட்ட ஜாயின்ட்டும் கொஞ்சம் விழுங்கினாலே தெரிந்துவிடும். செல்லும் போர்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். நீளம் தேவையென்றால் பேனல் பக்கமோ எல்.இ.டி. பக்கமோ நீட்டுங்கள்.

## விட்டுவிட்டு எரிகிறது, சிமிட்டுகிறது

எப்போது சிமிட்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சாயங்காலம் எரியத் தொடங்கும் நேரத்தில் மட்டும் சிமிட்டினால், விளக்கு தன் வெளிச்சத்தையே பார்க்கிறது. விளக்கு எரிகிறது, வெளிச்சம் பேனலில் பட்டதும் பகல் என்று நினைத்து அணைகிறது, இருட்டானதும் மறுபடி எரிகிறது. நடைமேடைக் கம்பத்துக்கு நேர் கீழே பேனல் வைத்தவர்களுக்கும், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கும் இது நடக்கும். பேனலை ஓரடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

அணையப்போகும் நேரத்தில் சிமிட்டினால் செல் காலியாகிறது, அவ்வளவுதான். ரயில் பக்கத்தில் கடக்கும்போதோ காற்றடிக்கும்போதோ சிமிட்டினால் எங்கோ இளகிய ஜாயின்ட் இருக்கிறது. விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், தட்டும்போது எங்கே சிமிட்டுகிறதோ அங்கே பற்றவையுங்கள்.

## பகலிலும் எரிகிறது

பேனலிலிருந்து வரும் வயர் அறுந்திருக்கிறது. சிப்புக்கு வெளிச்சம் தெரியவில்லை, ராத்திரி என்றே நினைக்கிறது. சீக்கிரமே செல் காலியாகி ‘எரியவே இல்லை’ என்ற நிலைக்கு வந்துவிடும். அதனால் எரியாத விளக்கில் நல்ல செல் போட்டதும் கொளுத்தும் வெயிலிலும் எரிந்தால், நேராகப் பேனல் வயரைத் தேடிப் போங்கள். அணில் கடித்த இடமும் மண்வெட்டி பட்ட இடமும் பெரும்பாலும் தரைக்குச் சற்று மேலேயே கிடைக்கும். வயர் நன்றாக இருந்து பேனலில் எதுவும் வராவிட்டால், பேனலின் பின்பக்கம் வயர் பற்றவைத்த இடத்துப் பசையைக் கீறிப் பாருங்கள், அங்கே விட்டிருக்கும்.

## ஒரு கட்டடம் மட்டும் இருட்டு

ஒரே செட்டில் இணைத்த வீடுகளில் ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் அந்த எல்.இ.டி.யின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஜாயின்ட்டை.

வேறு விதமாகவும் வரும். புதிதாகச் சிவப்பு சிக்னல் ஒன்றை இணைத்தீர்கள், சிக்னல் பிரமாதமாக எரிகிறது, வீடுகள் எல்லாம் இருட்டு. எதுவும் கெடவில்லை. சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும், வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே வயரில் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்தால் சிவப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், வோல்டேஜ் வெள்ளைக்கு எட்டவே எட்டாது. சிக்னல்களுக்கென்று தனி செட் வையுங்கள்.

## ரயில் ஓடும்போது மட்டும் வம்பு

வண்டி ஓடும்போது வீட்டு விளக்கு பளீரென்று கூடுகிறது, அல்லது எல்.இ.டி.கள் கூட்டமாகப் போய்விடுகின்றன. தண்டவாள மின்சாரம் விளக்கு வயருக்குள் வந்துவிட்டது. இந்த அளவு ரயிலின் பாதையில் 18 முதல் 24 வோல்ட் வரை வரும். சின்ன செட்டுக்கு அது எமன். உடனே பாதை மின்சாரத்தை அணைத்துவிட்டு, தண்டவாளத்துக்குக் கீழே போகும் விளக்கு வயர்களைத் தேடுங்கள். ஸ்லீப்பர் அழுத்தி உறை கிழிந்திருக்கும், அல்லது இணைப்புத் தகட்டில் உரசும். பாதையைக் கடக்கும் இடத்தில் எல்லாம் வயரை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள்.

## பெட்டிக்குள் தண்ணீர், எறும்பு

சிலிக்கானை அப்பி முழுக்க அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், ராத்திரி குளிரும்போது ஈரத்தை இழுக்கும், அது வெளியேற வழியிருக்காது. மேல்பக்க ஜாயின்ட்டை மட்டும் அடைத்து, அடியில் ஒரு சின்னத் துளை விடுங்கள். எறும்பு வராமலிருக்க அந்தத் துளையில் மெல்லிய கம்பி வலைத் துண்டை ஒட்டுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து வரட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

## 12 வோல்ட் அமைப்பு

பேனல், பேட்டரிக்குப் போவதையும் வருவதையும் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி, எல்.இ.டி. ஸ்ட்ரிப் என்று வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன துடைப்பதும் நிழலும் அப்படியே பொருந்தும். வேறுபடுவது சில விஷயங்கள்.

துணியால் மூடியதும் எரியவில்லை என்று பதற வேண்டாம். சில கன்ட்ரோலர்கள் இருட்டை உறுதி செய்யச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். லோடு, அதாவது விளக்குக்குப் போகும் இணைப்பு, எந்த முறையில் இருக்கிறது என்றும் பாருங்கள். இருட்டினால் எரியும் முறை, எப்போதும் எரியும் முறை, நேரம் வைக்கும் முறை என்று உண்டு, பொத்தானை யாராவது அழுத்தியிருப்பார்கள்.

பேட்டரியைச் சும்மா இருக்கும்போது அளந்தால் 12.7 வோல்ட் என்பது நிறைவு, 12.2 என்பது சுமார் பாதி. காலையில் 11.8க்குக் கீழே போகிறதென்றால் ஸ்ட்ரிப்பைக் குறையுங்கள். இங்கே எல்.இ.டி. கூட்டினால் நேரம் நிச்சயம் குறையும்.

பேட்டரி அடிக்கடி சாகிறது, பேட்டரி இறங்கியும் கன்ட்ரோலர் விளக்கைக் கட் செய்வதே இல்லை என்றால் விளக்கின் மைனஸ் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். மலிவான கன்ட்ரோலர்கள் பலவற்றில் பிளஸ் பொதுவானது, அணைத்து எரியவைப்பது மைனஸ் பக்கத்தை. மைனஸை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனால் கன்ட்ரோலரைத் தாண்டிப் போகிறது, விளக்கும் பகலெல்லாம் எரியும். கன்ட்ரோலரின் லோடு முனைக்கே கொண்டுவாருங்கள். கழற்றும்போது முதலில் பேனலைக் கழற்றுங்கள், மாட்டும்போது முதலில் பேட்டரியை மாட்டுங்கள்.

## எங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

போர்டில் சிப் மாற்ற வேண்டியிருந்து கை பழகவில்லை என்றால் மொபைல் ரிப்பேர் கடையில் கொடுங்கள், அவர்களுக்கு அது சின்ன வேலை. கெட்டுப்போன போர்டோடு நன்றாக வேலை செய்யும் இன்னொன்றையும் கொண்டுபோனால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கை வைக்காதீர்கள். முடிந்தால் பேனலின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, காற்றோட்டமாக விட்டு, பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். லித்தியம் செல் உப்பினாலும் இதேதான், குத்தவோ அழுத்தவோ குப்பையில் போடவோ கூடாது.

ரயில் ஓட்டும் டிரான்ஸ்பார்மருக்காகத் தோட்டத்தில் 230 வோல்ட் லைன் இருந்து, அதைப் போட்டதும் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்தாலோ, ஈரத் தரையில் தண்டவாளத்தைத் தொடும்போது சுரீரென்றாலோ, அது சோலார் வேலை இல்லை. மெயினை அணையுங்கள், குழந்தைகளைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தையும் லைனையும் சோதிக்கும் வரை திரும்பப் போடாதீர்கள்.